சமீராவின் ஐந்தரை மணி

2005-இல் விடுமுறைக்கு வந்த மீரான், லப்பைக்குடிக்காட்டு வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்துவிட்டுக் குவைத்துக்குத் திரும்பினார். மூன்று பிள்ளைகளுக்கும் பொது என்றார். எப்படிப் பொது என்று சொல்லவில்லை. அந்தப் பஞ்சாயத்து அவர் மனைவி சுல்தானாவின் தலையில் விழுந்தது.

சுல்தானா எட்டாவது வரை படித்தவள். அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைப்பவள். மூத்தவன் முகமது ஆசிக் பத்தாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் கார் ரேஸ் விளையாட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். கடைக்குட்டி அன்சார் தரையில் புரண்டு அழுது தன் பங்கை வாங்கிவிடுவான். நடுவில் பிறந்த சமீரா கேட்கவே மாட்டாள். கேட்காதவளுக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று சுல்தானாவும் விட்டுவிட்டாள்.

ஆறே மாதத்தில் இரண்டு முறை வைரஸ் வந்து எல்லாம் அழிந்தது. கடைத்தெரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தும் வளர்மதி, சுல்தானாவிடம் துணி தைக்கக் கொடுப்பவள். வேப்பந்தட்டையிலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்காகவே வந்தாள்.

“விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடறேன்க்கா. வைரஸ் தொல்லை இருக்காது. ஒவ்வொருத்தருக்கும் தனிப் பேரு, தனி பாஸ்வேர்டு. யாருக்கு எந்த நேரம்னு எழுதி வச்சிட்டா, நேரம் முடிஞ்சதும் அதுவே வெளிய அனுப்பிடும்.”

“நான் கத்த வேணாமா?”

“கத்தவே வேணாம்.”

சுல்தானா வாய்விட்டுச் சிரித்தாள். ஆசிக்குக்கு நாலரை முதல் ஐந்தரை, சமீராவுக்கு ஐந்தரை முதல் ஆறரை, அன்சாருக்கு ஏழு முதல் ஏழரை என்று முடிவாயிற்று. அந்த வரிகளை வளர்மதி தான் அடிக்கவில்லை. சுல்தானாவையே உட்காரவைத்து, ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கவைத்தாள். எல்லாவற்றையும் மாற்றும் பெரிய பாஸ்வேர்டும் சுல்தானாவிடம் மட்டுமே இருந்தது.

சில மாதங்கள் வீடு அமைதியாக ஓடியது. 2006 ஜூலையில் ஒரு நாள் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டு, கைகால் கழுவி ஒளூ செய்ய எழுந்த சுல்தானா கம்ப்யூட்டரைத் தாண்டிப் போனாள். ஆசிக் உட்கார்ந்திருந்தான். திரையின் மூலையில் மணி ஐந்து இருபத்தைந்து. சுவர்க் கடிகாரத்தில் ஆறே முக்கால் ஆகப்போகிறது.

தொழுதுவிட்டு வந்து மகனைக் கூப்பிட்டாள். “எப்படிடா?”

அவன் மறைக்கவில்லை. “ஆன் பண்றப்ப டெலீட்ட அமுத்துனா மணிய மாத்தலாம்மா. எந்திரிக்கிறப்ப பழையபடி வச்சிடுவேன்.”

அவன் சரியாக்கும்போது சமீராவின் நேரம் முடிந்திருக்கும். சுல்தானா மகள் பக்கம் திரும்பினாள். “எத்தன நாளா நடக்குது?”

“எட்டு நாளாம்மா.”

“ஏன் சொல்லல?”

“அண்ணன் பரீட்சைக்கு வேணும்னு சொன்னான்.”

அடிக்கக் கை ஓங்கவில்லை சுல்தானா. “என்னைய ஏமாத்துனதக்கூட விட்டுடறேன். வாயத் தொறக்காத புள்ளயோட நேரத்த எடுத்திருக்க பாரு. எட்டு நாளைக்கு உன் நேரமும் அவளுக்குத்தான்.”

வளர்மதி இல்லாமல் முதல் முறையாக நேரங்களை எழுதிவைத்த கோப்பைத் தானே திறந்தாள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. பின்னால் நின்ற ஆசிக்தான் மெல்ல விரலை நீட்டி, “இங்கம்மா” என்றான். மறுநாள் வளர்மதி வந்து, டெலீட்டை அமுக்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி செய்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தைக் கேட்ட மீரான் கொதித்தார். “அத மூட்டகட்டிப் பரண்ல போடு.”

“வேணாங்க. பெரியவன் செஞ்சதுக்குச் சின்னவள ஏன் தண்டிக்கணும்?”

சமீரா போனில் மனம்விட்டுப் பேசியதே இல்லை. அண்ணனும் தம்பியும் பிடுங்கியது போக மிஞ்சுகிற அரை நிமிடத்தில், “அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா, நல்லாருக்கேன்” என்பதோடு சரி. இப்போது கையில் இரண்டு மணி நேரம். வளர்மதி சொல்லிக்கொடுத்த தமிழ் விசைகளில் அவள் அத்தாவுக்கு மெயில் எழுத ஆரம்பித்தாள். வகுப்பில் கணக்கு புரியாதது, வெள்ளாற்றில் தண்ணீர் வந்தது, ராத்திரி தையல் மெஷின் சத்தம் நின்றால்தான் அம்மா தூங்கப் போகிறாள் என்று தெரியும் என்பது எல்லாம் அதில் இருந்தன. எட்டு நாள் முடிந்த பிறகும், தன் ஒரு மணி நேரத்தில் வாரம் ஒரு மெயில் அனுப்பினாள்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மீரான் போனில் முதலில் சமீராவைத்தான் கேட்டார். பிறகு சுல்தானாவிடம் பேசினார்.

“பதிமூணு வருசமா இந்தப் புள்ளைய எனக்குத் தெரியவே இல்ல சுல்தானா. எல்லா மெயிலையும் பிரிண்ட் எடுத்துத் தலகாணிக்குக் கீழ வச்சிருக்கேன். நான் பரண்ல போடச் சொன்னேனே!”

“அல்லாஹ் காப்பாத்துனான். அந்த வளர்மதியையும் அவன்தான் அனுப்பி வச்சான்.”

நோன்புப் பெருநாளன்று சுல்தானா ஒரு தூக்கில் பிரியாணியும், தானே தைத்த ஜாக்கெட்டும் எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனாள். “தையக்கூலி எவ்வளவுக்கா?” என்ற வளர்மதியை முறைத்தாள்.

“எம்புள்ள பேசுதுடி இப்ப. அதுக்கு நீ என்ன கூலி வாங்குன?”

வளர்மதிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வேறு பேச்சு எடுத்தாள். “சரி, அந்த மெஷின்ல உங்க பேர்ல நேரமே எழுதலயேக்கா. உங்களுக்கு எப்ப?”

சுல்தானா யோசித்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின், அடுப்பு வேலை முடிந்து, தையலில் உட்காருவதற்கு முன் கொஞ்சம் இடைவெளி உண்டு.

“பத்து மணிலேருந்து பத்தரை வரைக்கும் போட்டுக்கறேன்” என்றாள். “நானே எழுதிக்குவேன், நீ வர வேணாம்.”