பக்கத்து வீட்டு சுவிட்ச்

பத்தாவது படித்த வருஷத்தில் நான் எல்லாவற்றையும் விட அதிகமாக வெறுத்தது எங்கள் பக்கத்து வீட்டு சுவிட்சை. சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே எங்கள் வீடு இருண்டுவிடும். கையில் இருக்கும் புத்தகத்தைச் சுவர் மேல் விட்டெறிவேன். அந்தச் சத்தம் அவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் எறிவது.

அம்பத்தூரில் ஒரு பெரிய வீட்டின் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறைகள். நடுவில் ஒரே சுவர். ஒன்றில் அம்மா, நைனா, நான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மற்ற அறையில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு மாமா பூந்தமல்லியில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் சீக்கிரம் படுத்துவிடுவார். அவர்கள் மகள் என் வகுப்பு, என் பெஞ்சு. அவள் அம்மாவை நான் அத்தை என்பேன்.

முன்புறம் வீட்டுக்காரர் இருந்தார். அவருக்கு ட்யூப்லைட், ஃபேன், ரேடியோ எல்லாம் உண்டு. எங்களுக்கு அறைக்கு ஒரு குண்டு பல்பு. கரண்டுக்கென்று தனியாக எதுவும் தர வேண்டாம், வாடகையிலேயே சேர்த்தி என்று அவர் சொன்னபோது அம்மா அவரை மகராசன் என்று வாழ்த்தினாள். அந்த மகராசன் கொடுத்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்க முடியாது. பல்பு எரிகிறதா என்று பார்க்கப் பல்பைத்தான் பார்க்க வேண்டும். தரையைப் பார்த்தால் தெரியாது.

மங்கலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் படுக்கப் போகும்போது எங்கள் விளக்கும் சேர்ந்து அணைந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மா வாசலில் நின்று கத்துவாள்.

"ஏம்மா, எங்க ஊட்டு லைட்டு உன்ன இன்னா பண்ணுது? எங்க பொண்ணு படிக்கிறது உனக்குக் கண்ண உறுத்துதா?"

"நல்லா கீதே நாயம்! உங்க லைட்ட நான் எதுக்கு அமுத்தறேன்? நேத்து நாங்க சோறு துண்ணுகினு இருக்கசொல்ல எங்கள்த அமுத்தனது யாரு?"

அது எங்களுக்குப் பச்சைப் பொய்யாகப் பட்டது. நாங்கள் எங்கள் சுவிட்சைத்தானே அணைத்தோம். நோன்பு மாதத்தில் அவர்கள் விடிவதற்கு முன் எழுந்து விளக்குப் போட்டால் எரியவில்லையாம். நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, மாதம் முழுக்கச் சிம்னி விளக்கில் சாப்பிட்டார்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியாகப் போய் வீட்டுக்காரரிடம் முறையிட்டோம். அவர் எங்களிடம், "அவங்கதான் ஒயர்ல இன்னாவோ கை வெக்கிறாங்க, உஷாரா இருங்க" என்றார். அவர்களிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

அம்மா ஒரு நாள் வீம்பாக நூறு வாட் பல்பு வாங்கி வந்தாள். வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்தது அறுபது. நூறை மாட்டி சுவிட்சைப் போட்டால், எங்கள் பல்பு அடுப்பில் அணையப் போகிற கரி மாதிரி சிவந்து கிடந்தது. அதே நேரம் பக்கத்து வீட்டு ஜன்னலில் என்றைக்கும் இல்லாத வெளிச்சம். அம்மா வெளியே ஓடி வந்து அந்த ஜன்னலைப் பார்த்தாள், திரும்பி எங்கள் கதவைப் பார்த்தாள்.

"பாத்தியாடி? நான் காசு போட்டு வாங்கியாந்த வெளிச்சத்த அவ இஸ்துக்கினா!"

மறுநாள் அடிபம்பு அருகில் இருவரும் ஒருவர் கூந்தலை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அத்தையின் குடம் நசுங்கியது. அம்மாவின் ரவிக்கை தோளில் கிழிந்தது. அந்தப் பெண்ணோடு பேசினால் காலை உடைப்பேன் என்று அம்மா என்னிடம் சொன்னாள். சொல்லத் தேவையே இல்லை. நான் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முந்தின வாரம் வரை அவள் கொண்டு வரும் சோறும் நான் கொண்டு போகும் சோறும் ஒரே டிபன் மூடியில்தான் கலக்கும்.

நைனா இதில் எதற்கும் வாய் திறக்கவில்லை. தொழிற்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை அவருக்கு. வந்தால் கை கால் கழுவுவார், சாப்பிடுவார், பல்பை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார், படுத்துக்கொள்வார். பெண்டாட்டி ரவிக்கை கிழிந்து நிற்கும்போது கூட ஏன் என்று கேட்காத மனுஷன் என்று எனக்கு அவர் மேலும் எரிச்சல்.

அப்படியிருக்கும்போதுதான் இயற்பியல் டீச்சர் ஒரு பலகையோடு வகுப்புக்கு வந்தார். பலகையில் இரண்டு டார்ச் பல்புகள், ஒரு பேட்டரி. மின்சாரம் ஒரு பல்புக்குள் புகுந்து, வெளியே வந்து, அடுத்த பல்புக்குள் போய்த் திரும்பும்படி ஒயர் இருந்தது. இரண்டும் சோகையாக எரிந்தன. "இது தொடர் இணைப்பு" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஒரு பல்பைத் திருகிக் கழற்றினார். மற்றதும் அணைந்தது.

நான் திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் அதற்கு முன்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் ஒயரை மாற்றி, ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனி வழி வைத்தார். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. ஒன்றைக் கழற்றியும் மற்றது கவலைப்படவில்லை. இது பக்க இணைப்பு. மூன்று ஓமும் ஆறு ஓமும் இப்படி இருந்தால் தொகுபயன் மின்தடை எவ்வளவு என்று கேட்டார். வகுப்பே ஒன்பது என்றது. தொடரில் இருந்தால்தான் ஒன்பது, இதில் இரண்டு என்றார். அன்றைக்கு நான் இருந்த கோபத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

"அதெப்படி டீச்சர்? தடையோட தடையச் சேர்த்தா தடை குறையுமா? இருக்குற மூணை விடவுமா குறையும்?"

"ஸ்டேஷன்ல ஒரே ஒரு டிக்கெட் கவுண்டர். பெரிய கியூ. பக்கத்துல இன்னொண்ணு திறக்கறாங்க. அந்த ஆள் மந்தமான ஆளாவே இருக்கட்டும். நெரிசல் கூடுமா, குறையுமா?"

"குறையும்."

"முதல் கவுண்டர்ல நின்னவன் திரும்ப ரெண்டாவது கவுண்டர்லயும் நின்னாத்தான் வெளியே போகலாம்னா?"

"கூடும்."

"முதல்ல காட்டினது அதுதான். உட்காரு."

மதிய மணி அடித்ததும் அவளே என் பெஞ்சுக்கு வந்தாள். பலப்பத்தை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட ஆரம்பித்தோம். இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு அறுபது வாட் பல்பின் தடை எண்ணூற்று எண்பது ஓம் சொச்சம். நூறு வாட் பல்புக்கு ஐந்நூற்று முப்பதுதான். தொடரில் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டம். அதனால் தடை அதிகமுள்ள பல்பு அதிகமாக எரியும். அம்மாவின் வெளிச்சத்தை யாரும் இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் அறுபதாக இருந்தபோதோ தடை இரட்டிப்பாகி, மின்னோட்டம் பாதியாகி, ஒவ்வொரு பல்பும் கால் பங்குதான் எரிந்திருக்கிறது. அறுபது என்று எழுதிய பல்பில் பதினைந்து வாட் வெளிச்சம். மிச்சக் கரண்டுக் காசு வீட்டுக்காரருக்கு.

அவள் பலப்பத்தை ஒடித்துப் போட்டாள்.

"எங்கம்மா முடிய உங்கம்மா கொத்தா புடுங்கினாங்களே. அந்த ஆளு ரேடியோ கேட்டுக்கினு பாத்துக்கினு இருந்தான்டி."

அன்று சாயங்காலம் இரண்டு அம்மாக்களையும் அவரவர் வாசலில் நிற்க வைத்தோம். அவள் தன் வீட்டுக்குள் போய், "இப்ப அமுத்தறேன்" என்று கத்தி அணைத்தாள். இரண்டு வீடும் இருண்டன. மறுபடி போட்டாள். நான் எங்கள் சுவிட்சை அணைத்தேன். இரண்டும் இருண்டன. என்ன நடக்கிறது என்று நான் கணக்கைச் சொல்லி விளக்க ஆரம்பித்தேன். அம்மா பாதி கேட்கும்போதே கூந்தலை முடிந்துகொண்டு முன் வீட்டுக்கு நடந்தாள். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளை எட்டிப் பிடித்தாள்.

வீட்டுக்காரர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். "இன்னா, ரெண்டு பேரும் ஒண்ணா சேந்துகினு வந்துட்டீங்க?" என்று சிரித்தார். தொடர் இணைப்பு, கால் பங்கு, பதினைந்து வாட் என்று நான் மூச்சு விடாமல் சொன்னேன்.

"நல்லா படிக்குது பொண்ணு" என்றார் அவர், சிரிப்பு மாறாமல். "இஷ்டம் இல்லன்னா மாசம் பொறந்ததும் ரெண்டு ஊட்டையும் காலி பண்ணிக்கினு போங்க. உங்களுக்கெல்லாம் எவன் ஊடு குடுக்குறான்னு நானும் பாக்கறேன்."

அதுவரை கத்திக்கொண்டிருந்த அம்மாவும் அத்தையும் அந்த ஒரு வாக்கியத்தில் வாயடைத்துப் போனார்கள். எனக்கு அது புரியவேயில்லை. அம்பத்தூரில் திரும்பிய பக்கமெல்லாம் புது வீடு எழும்பிக்கொண்டிருந்த காலம்.

நைனா வந்ததும் அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"குடி வந்த அன்னிக்கே தெரியும்" என்றார்.

அம்மா கையில் இருந்த சோற்றுத் தட்டை அப்படியே கீழே வைத்தாள். "தெரிஞ்சிக்கினேவா என்ன அவகூட மல்லுக்கு நிக்க உட்ட? தெருவே சிரிச்சிச்சேய்யா!"

"பக்கத்து ஊட்டாண்ட சண்ட போட்டா ஊடு போவாது. ஊட்டுக்காரங்கிட்ட போட்டா போயிடும்."

கோழை. வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அம்மா அன்று அவருக்குச் சோறு போடவில்லை. பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்களும் சேர்ந்து நைனாவைத் திட்டுவது கேட்டது. அவர் கேட்டுக்கொண்டே சுவரோரம் படுத்திருந்தார்.

விடிந்ததும் அம்மா உத்தரவு போட்டாள். "அதான் போவப் போறோமே. இப்பவாச்சும் மாத்து." நைனா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். மெயினை நிறுத்தி, ஒயரைப் பிரித்து, அறைக்கொரு வழி வைத்து முறுக்கி, டேப் சுற்றி இறங்கினார். வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இத்தனை சுலபமா என்று எனக்கு மறுபடி கோபம் வந்தது.

அன்று சாயங்காலம் விளக்கு எரிந்தது. சுவரில் மழைநீர் வழிந்த கோடுகள், மூலையில் ஒட்டடை, அம்மாவின் நெற்றியில் அத்தை நகம் பட்ட தழும்பு எல்லாம் தெரிந்தன. அத்தை தன் விளக்கை அணைத்துவிட்டு ஓடி வந்து எங்கள் வீட்டைப் பார்த்தாள். அது எரிந்துகொண்டிருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக்காரர் பின்பக்கத்துக்கு வரும் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். மாதம் முடியும் வரை இரண்டு வீட்டிலும் சிம்னி விளக்குதான். அத்தை குடும்பம் முதலில் கிளம்பி, பூந்தமல்லியில் சொந்தக்காரர் வீட்டின் ஒரு தடுப்புக்குள் போய் ஒண்டிக்கொண்டது. அவளும் பள்ளிக்கூடம் மாறிவிட்டாள்.

நாங்கள் வீடு தேடினோம். ஞாயிற்றுக்கிழமை நைனா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். படிக்கிற பெண் கூட இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். முதல் வீட்டில் ஒரு அம்மாள் அன்பாகப் பேசினார். தண்ணீர் வசதியைக் காட்டினார், நான் என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். பிறகு நைனாவிடம் சொந்த ஊர் கேட்டார்.

"வேப்பம்பட்டு பக்கம்மா."

"ஊர்லயா, காலனியிலயா?"

நைனா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "காலனிம்மா" என்றார்.

அப்போதுதான் அந்த அம்மாளுக்கு ஞாபகம் வந்தது, முந்தின நாளே யாரோ வந்து பேசி முடித்துவிட்டார்கள் என்று. அடுத்த தெருவிலும் முந்தின நாளே ஒருவர் முந்திக்கொண்டிருந்தார். ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கத்திலும் அப்படித்தான். வெயில் உச்சிக்கு ஏறியது. எங்களுக்கு முன்னால் தெருத் தெருவாகப் போய் வீடுகளை எல்லாம் வளைத்துப் போடுகிறவன் எவன் என்று எனக்கு ஆத்திரம். கடைசியில் அது நைனா மேல் திரும்பியது.

"எல்லா ஊட்டுக்கும் ஒரு நாள் லேட்டாவே வந்துகினு கீறியே நைனா! முந்தாநாளே வந்தா இன்னாவாம்?"

நைனா நின்று, துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆமாம்மா, என் தப்புதான்" என்றார். "வா, அடுத்த ஊட்டுக்காவது வெரசலா போலாம்."

அவர் விரைந்து நடக்க ஆரம்பித்தார். இந்த வேகம் காலையிலேயே இருந்திருந்தால் இதற்குள் வீடு கிடைத்திருக்கும் என்று கருவிக்கொண்டே நான் அவர் பின்னால் ஓடினேன்.