காய்ச்சலுக்குத் தாள் இல்லை

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் எதிர்ச் சந்து அக்காவிடம் மகளை விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். மகளுக்கு அப்போது பதினான்கு மாதம். அக்கா இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கும் ரயில்வே குடும்பத்துத் தமிழ்ப் பெண், பேச்சில் ஊர் உருது கலந்திருக்கும், படிக்கத் தெரியாது. மீட்டிங்கில் என் போன் அடித்தால் மேனேஜர் முகம் சுருங்கும். அதனால் ஒரு வழி செய்தேன். கணவரின் பழைய ஸ்மார்ட்போனை அக்காவிடம் கொடுத்தேன். மூன்று க்யூஆர் கோடுகளை அச்சடித்து அவர் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம்: கிண்ணம், தொட்டில், பந்து. போனை நேரே காட்டினால், 'சாப்பிட்டாள்', 'தூங்குகிறாள்', 'விளையாடுகிறாள்' என்று நான் எழுதிவைத்த எஸ்எம்எஸ் என் எண்ணோடு திறக்கும். அனுப்ப ஒரு தட்டு போதும்.

"போன் மட்டும் பண்ணாதீங்க அக்கா" என்று இரண்டு முறை சொன்னேன்.

"ஹவ் ஹவ், புரிஞ்சுதும்மா. இந்தக் கோலத்துக்குப் போனைக் காட்டணும், அவ்ளோதானே?"

செய்திகள் தினமும் வந்தன. படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். மனதில் ஒன்றும் அசையாது. அதை நிம்மதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு 'தூங்குகிறாள்' வந்தது. சிறிது நேரத்தில் மறுபடியும். இரண்டு மணிக்குள் ஆறு முறை. கை தவறி அழுத்துகிறார் போலும் என்று விட்டுவிட்டேன். கூப்பிட்டுக் கேட்கலாமா என்று தோன்றியது. மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் போனபோது மகள் பாயில் துவண்டு கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணி.

"இப்படிக் கொதிக்குதே, ஏன் அக்கா சொல்லலை?"

"கைக்கு? ஏன் என்னைக் கேக்குறே? போன் நக்கோன்னு சொன்னது நீதானே? ஜுரத்துக்குக் கோலம் எங்கே ஒட்டியிருக்கே, காட்டு. எழுப்ப எழுப்பத் தூங்குறா. அதான் தொட்டிலையே அனுப்பிக்கிட்டிருந்தேன். ஆறு தடவை வந்தா ஒரு சந்தேகம் வராதா உனக்கு?"

எனக்கு அழுகை வரவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் சூடு புடவையைத் தாண்டி வந்தது.

வைரஸ் காய்ச்சல் என்றார் டாக்டர். மூன்று நாளில் இறங்கியது. காய்ச்சலுக்கு நாலாவதாக ஒரு க்யூஆர் கோடு ஏன் செய்யவில்லை என்று கணவர் கேட்டார். என்ன படம் போடுவதென்று தெரியவில்லை என்றேன். அது பொய். 'காய்ச்சல்' என்ற வரியை முதலிலேயே தட்டி, அழித்திருந்தேன். அப்படி ஒரு செய்தி தயாராக இருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த திங்களன்று தெர்மாமீட்டர் படம் போட்ட தாளை ஒட்டினேன். "சோதிச்சுப் பாருங்க அக்கா." மகளை இடுப்பில் வைத்தபடியே அவர் போனைக் காட்டினார். என் கையில் போன் அதிர்ந்தது. 'காய்ச்சல். உடனே வரவும்.'

மகளின் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. சோதனைதான் என்று தெரிந்தும், செய்தியைப் படித்துவிட்டு மறுபடியும் தொட்டேன்.

"வந்துச்சில்ல? கிளம்பு, ஆபீஸ் பஸ் போயிடும்."

"வந்துது அக்கா" என்றேன். "இன்னொரு தடவை அனுப்புங்க."