இரண்டு கைகளையும் தூக்கியவள்

தலைமையாசிரியர் அவர்களே, ஸ்டெல்லாவின் படிப்பைக் கெடுத்தவர் நீங்கள். உங்கள் கையாளாக நின்று கெடுத்தவன் நான்.

வாசிக்கிற நீங்களும் கேளுங்கள்.

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் ஒரு தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு நான் கணக்கு வாத்தியார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்தினம் தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்.

"எந்தக் கேள்வி கேட்டாலும் எல்லாப் பசங்களும் கை தூக்கணும் சார். தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. நீங்க வலது கையை மட்டும் எழுப்புங்க."

வந்த அதிகாரி அசந்துபோனார். வகுப்பு முழுக்கக் கைகள்!

அவர் போன பிறகும் நான் அதை விடவில்லை. சுகமாக இருந்தது. வலது கைகளிடம் பதில் வாங்குவேன். "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்!" என்று கத்துவார்கள். அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். தெரியாத பிள்ளை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருநாளாவது சொன்னேனா? இல்லை...

ஸ்டெல்லா மேடவாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அதிகம் பேசமாட்டாள். எப்போதும் இடது கை.

ஒருநாள் காரணிப்படுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். கேள்வி கேட்டதும் அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"இன்னா ஸ்டெல்லா, போலீஸ் புடிச்சிடுச்சா?" என்றான் கடைசி பெஞ்சு பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் எழுந்து நின்றாள். "பதில் தெரியல சார். ஆனா ஒரு டவுட் கேக்கணும். அதுக்கு எந்தக் கை?"

"டவுட்டுக்கெல்லாம் கை கிடையாது. உக்காரு."

உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இடது கை மட்டும்தான்.

ஆண்டுத் தேர்வில் கணக்கில் பெயில். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி குறைந்துவிடக் கூடாதே! அதனால் தேறாத பிள்ளைகளை ஒன்பதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். அவளுடைய அம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"இன்னொரு வருஷம் இதே கிளாஸ்ல உக்காரட்டும் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஹெட்மாஸ்டர் கேப்பாரு."

"வருஷம் பூரா வாயைத் தொறந்து ஒரு டவுட் கேட்டதில்லம்மா உங்க பொண்ணு. நான் என்ன பண்றது?"

பொய்! பச்சைப் பொய்! ஸ்டெல்லா அம்மாவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

அம்மா அவள் பக்கம் திரும்பி, "ஏன்டி, கேட்டா சார் அடிச்சிடுவாரா?" என்றார்.

அவள் தலை குனிந்துகொண்டாள்... நானும்தான்.

வேறு எந்தப் பள்ளியிலும் அவள் சேரவில்லை. இப்போது நாவலூரில் ஏதோ ஆபீஸில் தரை துடைக்கிறாளாம். சொன்னவன் அந்தக் கடைசி பெஞ்சு பையன். சிரிக்காமல் சொன்னான்.

அவள் கேட்க நினைத்தது என்ன? எனக்குத் தெரியாது. அந்தக் கணக்கைப் பலகையில் எழுதும்போதெல்லாம் எந்த வரியில் இடறினாள் என்று தேடுகிறேன்...

தலைமையாசிரியர் அவர்களே, இந்த ஆண்டு விழாவிலும் நூறு சதவீதத் தேர்ச்சி என்று முழங்குவீர்கள். அதே மேடையில், அதே மைக்கில், பெற்றோர் எல்லோர் முன்னாலும் எனக்குப் பதில் சொல்லுங்கள். கீழே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பேன்.

டவுட்டுக்கு எந்தக் கை?