எங்கே வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை

அன்று காலை என் வீட்டுக்காரர் என் செருப்பையும் விடாமல் வீட்டிலிருந்த காலணிகள் அத்தனைக்கும் பாலிஷ் போட்டு வைத்திருந்தார். நான் பைத்தியக்காரி, "ஏனுங்க, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேலி செய்தேன். அதுதான் முதல் அறிகுறி.

அவருக்கு வயது எழுபத்தாறு. பட்டாளத்தில் இருந்தவர். எழுபத்தொன்றாம் வருடப் போரில் பிடிபட்டு, ஓராண்டு எதிரியின் முகாமில் கிடந்து திரும்பியவர். அதன் பிறகுதான் குன்னூரில் எங்கள் கல்யாணம். வலிக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பல்வலி வந்தாலும், கால் பிசகினாலும், ஓரமாக உட்கார்ந்து பூட்ஸைத் தேய்ப்பார். அதை வைத்து நானாகத் தெரிந்துகொள்வேன்.

மதியம் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். உடம்பு கொதித்தது. பக்கத்திலிருந்த சின்ன மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். டாக்டர் பொறுமையாக வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"ஐயா, இங்க வலிக்குதுங்களா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

வலது பக்கம் அமுக்கியபோது அவர் நெற்றி வியர்த்தது. டாக்டர் என் பக்கம் திரும்பி, "வலி இருந்தா சொல்லிருவாருங்களாம்மா?" என்றார்.

"பட்டாளத்துக்காரருங்க, பொய் சொல்ல மாட்டாருங்க" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன். பாலிஷ் விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. இதைப் போய்ச் சொன்னால் சிரிப்பாரே என்று விழுங்கிவிட்டேன். வாயுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் நினைவு தப்பி விழுந்தார். ஆம்புலன்ஸில் மலையிறங்கி கோயமுத்தூர் போனோம். அப்பெண்டிக்ஸ் (குடல்வால்) வெடித்து, பெரிடோனைட்டிஸ் (வயிற்றுக்குள் சீழ் பரவுதல்) ஆகியிருந்தது. வயிற்றைத் திறந்து கழுவினார்கள். பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. உயிர் பிழைத்தார், சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. இப்போது வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரித்தல்).

சுவாசக் குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க அவர் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். குழாயை எடுத்த பிறகு, நர்ஸ் எதைக் கேட்டாலும் தன் பெயரையும் பட்டாள நம்பரையும் மட்டுமே சொன்னார். தெளிந்தபின் அறுவை மருத்துவர் கேட்டார்.

"அவ்வளவு வலியிருந்திருக்குமே, ஏன் ஐயா சொல்லல?"

"சொன்னா அந்த எடத்துலயே அடிப்பாங்க சார்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பிறகு யோசித்தால், நானும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சாமர்த்தியக்காரியாக இருந்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவருடைய "இல்லை"யை நம்பாதீர்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த அற்ப விஷயம் எதுவானாலும் டாக்டரிடம் கொட்டிவிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் கட்டு மாற்றும்போது கேட்கிறேன். "எங்க வலிக்குது? நான் அடிக்க மாட்டனுங்க, சொல்லுங்க." அவர் சிரிப்பார், அவ்வளவுதான். டயாலிசிஸ் இல்லாத நாளில் அவர் செத்துப்போய்விடுவாரோ என்று பயம், உள்ள நாளில் இப்படியே எத்தனை நாள் என்று பயம்.

போன வாரம், கேட்காமலே சொன்னார். "வலிக்குது புள்ள."

பதறிப்போய் வயிற்றுக் கட்டைப் பிரிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து இடது விலாவில் வைத்தார். அங்கே தையலும் இல்லை, காயமும் இல்லை.

"இங்கயா? எப்ப இருந்துங்க?"

"நம்ம கண்ணாலத்துக்கு முன்னாடி இருந்து."