தங்கச்சியும் மக்கறோனும்

தங்கச்சி பாரிசிலிருந்து எங்கள் ஊரான கரம்பொன்னுக்கு வந்தபோது அம்மாவுக்கென்று ஒரு பெட்டி மக்கறோன் கொண்டுவந்தாள். இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் மஞ்சளிலும் சின்னச் சின்ன வட்டங்கள். இரண்டிரண்டாகச் சேர்த்து நடுவில் கிறீம் பூசியிருந்தது. அம்மா ஒன்றை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“பல்லே தேவையில்லை. தானாய்க் கரையுது.”

அம்மாவோடு இருப்பவள் நான். புட்டு அவிப்பதும், மருந்து எடுத்து வைப்பதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும் நான்தான். மாதா கோயில் பெருநாளுக்கு நான் அடிக்கும் பட்டர் கேக்கை அயலட்டையில் கேட்டு வாங்குவார்கள். அம்மா மட்டும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

மூன்று கிழமை நின்றுவிட்டுத் தங்கச்சி போனாள். அதன் பிறகும் வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்தப் பலகாரத்தின் கதையே சொன்னார். வெறும் பெட்டியை அலுமாரியில் தன் சீலைகளுக்கு மேலே வைத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு வெறும் பெட்டியோடு கோபித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் பாதாம் மா வாங்கிவந்தேன். யூடியூப்பில் ஒரு பெண் செய்வதை நாலு தரம் பார்த்தேன். மாவையும் ஐசிங் சீனியையும் அரித்தேன். முட்டை வெள்ளைக்கருவைச் சீனி போட்டு நுரைக்க அடித்து, எல்லாவற்றையும் மெல்லக் கலந்து, தட்டில் வட்டம் வட்டமாகப் பிழிந்து, உடனே ஓவனுக்குள் வைத்தேன். அத்தனையும் வெடித்துச் சப்பையாகிப்போயின.

வீடியோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. பிழிந்ததை, மேலே ஆடை கட்டி விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, வெளியே காயவிட வேண்டுமாம். மறுபடி அடித்துப் பிழிந்த தட்டைக் குசினி மேசையில் ஒரு மணித்தியாலம் விட்டேன். இந்த முறை ஒன்றும் வெடிக்கவில்லை. வழவழவென்று எழும்பி வந்தன. கிறீம் பூசி இரண்டிரண்டாகச் சேர்த்தேன்.

அம்மா கதிரையில் இருந்தபடி ஒன்றைத் தின்றார்.

“தங்கச்சி அனுப்பினவளோ?”

“இல்லை. நான் செய்தனான்.”

“நீயோ?” என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். “நல்லாத்தான் இருக்கு, பிள்ளை.”

பின்னேரம் தங்கச்சி வீடியோவில் வந்தபோது அம்மாவே தட்டைத் தூக்கிக் காட்டினார்.

“அக்கா, நான் கொண்டந்தது கடையிலை வாங்கினது. நானும் ரெண்டு தரம் செய்துபாத்துச் சரிவராமல் குப்பையிலை கொட்டினனான். நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள்?”

அவளுக்குச் சரிவரவில்லை என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோசத்தை மறைத்து எழுத மனமில்லை. அளவெல்லாம் சொன்னேன். ஓவன் சூடு சொன்னேன். காயவிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. எல்லாம் வெடித்திருந்தன. கீழே, “உங்கடை கைராசி எனக்கு இல்லை அக்கா” என்று எழுதியிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் பாதியில் எழும்பினேன். கையைக் கழுவிவிட்டு அவளுக்குக் கோல் எடுத்து, காயவிட வேண்டும் என்பதைச் சொன்னேன்.

“முதலே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“மறந்துபோனன்.”

அவள் நம்பினாளோ தெரியாது. அடுத்த முறை அவள் செய்தவை என்னுடையதைவிட வடிவாக வந்திருந்தன. அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்ட எனக்கு இரண்டு நாள் எடுத்தது.