குழிக்குள் இறங்கிய ஹவில்தார்

1. டேப்

ஹவில்தார் தன் இரும்பு டேப்பைக் குழியின் குறுக்கே வைத்துப் பார்த்தார். சுருட்டினார். மறுபடியும் இழுத்து வைத்துப் பார்த்தார்.

"அம்மா, குழி பத்தாது" என்றார்.

கொல்லிமலையில் குண்டனி நாட்டில் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஐந்து ஊர்களுக்கும் குழி வெட்டுகிறவள் நான். முதலில் என் வீட்டுக்காரர் வெட்டினார். அவருக்கு இடுப்பு விழுந்த பிறகு கடப்பாரையை நான் எடுத்தேன். பொம்பளை வெட்டிய குழியா என்று முகம் சுளித்தவர்களும் கடைசியில் என் குழியில்தான் படுத்தார்கள். நான் வெட்டினால் பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கும். மழை பெய்தாலும் மண் சரியாது. பத்தாது என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க சாமி பத்தாது? அந்தப் பையன் அவங்கப்பனை விட நாலு விரல் உசரம். அதுக்கு மேலயும் ஒரு முழம் உட்டு வெட்டியிருக்கறேன்" என்றேன்.

"நீளம் சரிம்மா. அகலம்தான் இல்ல. பெட்டி ரெண்டேகால் அடி. ரெண்டு பக்கமும் பிடி இருக்கு, கயிறு வேற போகணும். மூணடி வேணும். இது ஒண்ணேமுக்கால் அடிதான் இருக்கு."

"பெட்டியா?" என்றேன்.

என் தப்பு அங்கேதான். எங்கள் ஊரில் பெட்டி கிடையாது. பாடையில் தூக்கி வருவோம், துணியோடு இறக்குவோம். ஆளைப் படுக்கவைத்தால் தோளும் கையும் அடங்குகிற அகலம் போதும். என் மூங்கில் கோலில் நீளத்துக்குத்தான் வெட்டுக்குறி உண்டு. அகலத்துக்குக் கண் அளவுதான். ஊர் தலையாரி முந்தின நாள் வந்து, "மிலிட்டரிக்காரங்க எல்லாம் பாத்துக்குவாங்க, நீங்க குழி மட்டும் வெட்டி வெய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் பெட்டியைப் பற்றி நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் மலையிலிருந்து பட்டாளத்துக்குப் போய், பெட்டியில் திரும்பி வந்த முதல் ஆள் செல்வராசுதான். எல்லையில் பனி சரிந்து மூடிவிட்டது என்றார்கள்.

2. இந்தப் பக்கம் அப்பன், அந்தப் பக்கம் பாறை

ஹவில்தார் காலையிலேயே எட்டு ஜவான்களோடும் பியூகிள் ஊதுகிற ஒருவரோடும் வந்திருந்தார். பெட்டி வருவதற்கு முன்னால் இடம் பார்த்து, ஒத்திகை எடுக்க வேண்டுமாம். சாமை அறுத்த வயல் ஒன்று குழிக்குப் பக்கத்தில் சமமாக இருந்தது. அதில் எட்டுப் பேரும் வரிசையாக நின்று காலைத் தூக்கித் தூக்கி அடித்தார்கள். இளகின மண் சத்தம் கொடுக்கவில்லை. ஹவில்தார், "இன்னும் ஓங்கி" என்று அதட்டினார்.

"மண்ணை எதுக்குங்க இந்த உதை உதைக்கறீங்க? குழி வேணும்னா நான் வெட்டித் தாரேனில்ல" என்று நான் சொன்னேன். ஒரு ஜவான் சிரித்துவிட்டான். அவனை மட்டும் தனியாக இன்னும் நாலு தடவை காலைத் தூக்கி அடிக்க வைத்தார் ஹவில்தார். அப்படிக் கிண்டல் பேசியவளுக்குத்தான் கொஞ்ச நேரத்தில் இந்த டேப்.

அகலப்படுத்துவது லேசாக இல்லை. குழிக்கு வலது பக்கம் செல்வராசுவின் அப்பன் படுத்திருக்கிறார். அந்தக் குழியையும் நான்தான் வெட்டினேன். இடது பக்கம் பாறை. அதை ஒட்டித்தான் இந்தக் குழியை எடுத்திருந்தேன்.

ஹவில்தார் சுற்றிலும் பார்த்துவிட்டு, "மேல அந்த மேட்டுல மண் நல்லா இருக்கே. அங்க புதுசா எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

செல்வராசுவின் அம்மா நல்லம்மா பலா மரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பேச்சைக் கேட்டு எழுந்து வந்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"பொட்டியைத் தொறக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்க. மொகத்தைத்தான் காட்ட மாட்டீங்க. எடத்தையாவது மாத்தாதீங்க சாமி. லீவுக்கு வர்றப்பல்லாம் அவங்கப்பன் பக்கத்துல வந்து உக்காந்துட்டுத்தான் ஊட்டுக்கே வருவான்" என்றாள்.

ஹவில்தார் தலையைக் குனிந்துகொண்டார். நல்லம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஆகுமா?"

"ஆகும், போய் உக்காரு" என்றேன். ஆகுமா என்று எனக்கே தெரியாது.

தலையாரிக்கு போன் வந்தது. வண்டி பேளுக்குறிச்சியில் நிற்கிறதாம். அன்று சந்தை நாள். கடைக்கார பாய்மார்கள் எல்லாரும் கடையைச் சாத்திவிட்டு ரோட்டின் இரண்டு பக்கமும் நிற்கிறார்களாம், ஆளாளுக்குப் பூப்போட வண்டி ஊர்ந்துதான் வருகிறதாம். அதற்குப் பிறகு எழுபது வளைவு ஏற வேண்டும். எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்பன் பக்கம் மண் பொலபொலவென்று இருந்தது. அந்தப் பக்கம் ஒன்றேகால் அடி எடுத்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவர் படுத்த இடத்துக்குள் கடப்பாரை போயிருக்கும். மேலே நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் குழிக்குள் இறங்கி, பாறைப் பக்கம் திரும்பிக் கடப்பாரையைப் போட்டேன். பொறி பறந்தது, பாறை பெயரவில்லை.

காலையில் சிரித்த ஜவான் உதவிக்கு இறங்கலாம் என்று பெல்ட்டைக் கழற்றப் போனான். ஹவில்தார் தடுத்தார்.

"கார்டு நிக்கிற பசங்க உடுப்புல ஒரு பொட்டு மண் படக்கூடாது. பூட்ஸ்ல முகம் தெரியணும். நில்லுங்கடா."

சொல்லிவிட்டு அவர் தன் தொப்பியைக் கழற்றினார். மெடல் குத்திய சட்டையைக் கழற்றி மடித்து ஒரு கல்லின் மேல் வைத்தார். தொப்பியை அதன் மேல் வைத்தார். பனியனோடு குழி ஓரத்துக்கு வந்தார்.

"நில்லுங்க சாமி. என் குழியில இன்னொருத்தர் எறங்கினதில்ல" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெட்டினவர் தவிர வேறு ஆள் உயிரோடு கால் வைத்தால், அந்தக் குழி அந்த ஆளைக் கேட்கும் என்பார்கள். அதையும் அவரிடம் சொன்னேன்.

"என்னைக் கேக்க ஏற்கெனவே நெறைய எடம் வரிசையில நிக்குதும்மா. நீங்க கை குடுங்க, எறங்குறேன்" என்றார்.

வழக்கம் ஒரு பக்கம். என் வீம்பும் ஒரு பக்கம். என் குழியை நானே முடித்தேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எனக்கு எப்போதும் உண்டு. நல்லம்மா மரத்தடியிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

எல்லையில் பனிப் பாறையை வெட்டிப் பழகின கையாம் அவருக்கு. ஓங்கி அடிக்காமல் விரிசலைத் தேடிக் கடப்பாரையைச் செருகினார். அவர் நெம்ப, நான் சம்மட்டியால் அடித்தேன். பாறை செதில் செதிலாக வந்தது.

"செல்வராசுவை உங்களுக்குத் தெரியுங்களா?"

"இல்லம்மா. வேற யூனிட். பாத்ததே இல்ல."

"அப்பறம் எதுக்குங்க இத்தனை பாடு?"

"யாரா இருந்தாலும் இதேதாம்மா."

நானும் அப்படித்தானே வெட்டுகிறேன். சம்மட்டியை மறுபடி ஓங்கினேன்.

3. தலைகீழ்த் துப்பாக்கி

வண்டிச் சத்தம் கேட்டபோது டேப் மூன்றடிக்கு ஒரு விரல் குறைவு காட்டியது. "போதும்" என்றார். குடத்துத் தண்ணீரில் கையும் முகமும் கழுவி, சட்டையை மாட்டித் தொப்பி வைத்தார். பழைய ஹவில்தார் ஆகிவிட்டார். காதுக்குப் பின்னால் மட்டும் பாறைத் தூள் ஒட்டியிருந்தது. சொல்லலாமா என்று பார்ப்பதற்குள் கட்டளை போட ஆரம்பித்துவிட்டார்.

பெட்டியின் மேல் கொடி போர்த்தியிருந்தது. மாலை வைத்தார்கள். கொடியை எடுத்து மடித்து நல்லம்மாவின் கையில் கொடுத்தார்கள். "ஷோக் சஸ்த்ர்" என்று குரல் வந்தது. எட்டுப் பேரும் துப்பாக்கியை ஒரே வீச்சில் தலைகீழாக்கி, குழல் முனையைப் பூட்ஸ் மேல் வைத்து, கட்டையின் மேல் இரண்டு கையையும் பொத்தித் தலை குனிந்தார்கள். துக்கத்துக்கு அப்படித்தான் நிற்பார்களாம். காலையில் மண்ணை உதைத்தவர்களா இவர்கள் என்று இருந்தது. நான் குழி ஓரத்தில் கடப்பாரையோடு நின்றிருந்தேன். அதன் முனையை மண்ணில் ஊன்றி, மேலே இரண்டு கையையும் வைத்து நானும் குனிந்தேன். யாரும் சொல்லவில்லை.

கயிற்றில் பெட்டி இறங்கியது. பாதியில் இடது பக்கப் பிடி பாறையில் உரசி நின்றது. ஹவில்தார் அசையவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். அந்த இடத்துக்குக் கீழே அகலம் கூடுதலாக இருந்தது எனக்குத் தெரியும். இறக்கலாம் என்று தலையசைத்தேன். கயிறு பிடித்தவர்கள் ஒரு நூல் வலது பக்கம் சாய்த்தார்கள். பெட்டி இறங்கி உட்கார்ந்தது.

மூன்று முறை சுட்டார்கள். ஒவ்வொரு முறையும் எதிர் மலை திருப்பிச் சொன்னது. பிறகு பியூகிள். அது முடியும் வரை ஒரு குழந்தைகூட அழவில்லை.

மண் போட வந்த நல்லம்மா கொடியை மார்போடு அணைத்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள நெருக்கமா இல்லீங்களே அக்கா?"

"தாராளமா இருக்குது கண்ணு. அவங்கப்பன் பக்கத்து மண்ணை நான் தொடவே இல்ல."

தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகுதான் சத்தம் விட்டு அழுதாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நான் அப்போது ஆள் எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டேன். இப்போது யார் குழி சொல்ல வந்தாலும், எப்படி வருகிறார், துணியிலா பெட்டியிலா என்று முதலில் கேட்கிறேன். தெரியாது என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். என் மூங்கில் கோலிலும் மூன்றடிக்கு ஒரு வெட்டுக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

அந்தக் குறி இன்றுவரை மறுபடி தேவைப்படவில்லை. தேவைப்படாமலே இருக்கட்டும்.