அண்ணன் பேச ஆரம்பித்தால்

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனுக்குத் தொண்டையில், குரல் பிறக்கிற இடத்திலேயே கட்டி. வழி இரண்டு. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிடுவது ஒன்று. அப்புறம் கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. பழைய குரல் போனது போனதுதான். இன்னொன்று கதிர்வீச்சும் மருந்தும். குரல் தப்பலாம், ஆனால் கட்டி திரும்பி வந்தால் பிறகு அறுப்பது இன்னும் கஷ்டம். உயிருக்கு எது நம்பிக்கை என்று நான் கேட்டதற்கு, இவருடைய நிலைமைக்கு அறுவைதான் என்றார் டாக்டர். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அண்ணி குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். குரலைக் காப்பாற்றியே தீருவது என்று அவள் முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று அவரைக் கேட்டால், அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொல்லிவிடுவாள்.

அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது. அதனால் எழுதும்போது 'அவள்' என்றுதான் எழுதுவேன், நேரில் 'நீங்க'தான். அண்ணனின் தங்கை நான், அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அண்ணிக்கும் எனக்கும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் வேலை. அவள் புகார் பிரிவில், நான் உதிரிபாகக் கிடங்கில். அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே அவள்தான். வேலைக்குப் போகலாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தபோதே மேனேஜரிடம் பேசி முடித்திருந்தாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள், அதில் குறை சொல்ல முடியாது. நிற்கிற அவசரத்தில் நாம் கேட்டது எள்ளா கொள்ளா என்று பார்க்க மாட்டாள், அதுதான் தொல்லை.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். காதில் ஹெட்செட், முன்னால் கம்ப்யூட்டர், சுவரில் எத்தனை பேர் லைனில் காத்திருக்கிறார்கள் என்று சிவப்பில் ஓடும் எண். யாரோ ஒருவர், "மேடம், எங்க பில்டிங்ல நேத்து சாயங்காலத்துலேர்ந்து லிஃப்ட்..." என்று இழுப்பார். "கதவு மூடி மூடித் திறக்குதா சார்? ஆள் வந்துட்டிருக்கார்" என்பாள். அந்தப் பக்கம் அசந்துபோய்விடுவார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சரியாக இல்லாத நாளில், கதவைப் பார்க்கப் போன டெக்னீஷியன் மேலே மோட்டார் புகைவதைக் கண்டுபிடித்து, என் கிடங்குக்குப் போன் போட்டுப் பல்லைக் கடிப்பார். ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. அவளுக்கும் அது தெரியும். பட்டம் வாங்கிய மாதிரி வைத்துக்கொண்டாள்.

அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் போன் செய்தாராம். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே அவர் மனைவி. பதற்றத்தில் அவர் எங்கெங்கோ ஆரம்பித்திருக்கிறார், இவளும் மரியாதையாக உம் கொட்டிக் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு மூச்சிரைப்பு என்பது கடைசியில்தான் வந்தது. கதவைத் திறந்தபோது அந்த அம்மா நினைவு தப்பிக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், கதை கேட்கவா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து யாரையும் கதை சொல்ல விட்டதில்லை. சுருக்கென்று தைத்தது உள்ளேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. இதை நினைத்தால் அவள்மேல் கோபம் கொஞ்சம் ஆறும். அடுத்த முறை அவள் வாயைத் திறக்கிறவரைக்கும்.

ஒரு தடவை ஆபீஸில் எங்களுக்கெல்லாம் 'கேட்கும் திறன்' பயிற்சி வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் வந்து, நாம் ஏன் சரியாகக் கேட்பதில்லை தெரியுமா என்று ஆரம்பித்தார். "நேரமில்ல சார்" என்று முடித்துவைத்தாள் அண்ணி. எதிராளி பேசும்போதே பதிலைத் தயார் செய்வது, கேட்காத அறிவுரையை அள்ளி விடுவது, இதெல்லாம் தெரிந்ததுதானே என்று நினைத்துக்கொள்வது என்று அவர் திரையில் ஒவ்வொன்றாகப் போட்டார். அண்ணி என்னை முழங்கையால் இடித்து, "அப்படியே உன் அண்ணன்" என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் வாயே திறக்கக்கூடாது. அண்ணிக்கு வாய்த்த ஜோடி கணக்குப் பிரிவுப் பெண். அவள் தன் மாமியாரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் அண்ணி அவளுக்குத் தனி வீடே பார்த்துக் கொடுத்திருந்தாள். பாவம் அந்தப் பெண், மாமியார் தங்கமானவர் என்று சொல்லத்தான் வந்தாளாம்.

அண்ணன் இதற்கு நேர் எதிர். கண்ணாடிக் கடையில் வெட்டுகிற வேலை. அளந்ததையே மறுபடி அளப்பார். கண்ணாடியில் கோடு கீறும்போது பேச மாட்டார், மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். அந்த நிதானம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் குழாயை மாட்டிய பிளம்பர், அவருடைய மச்சான், மச்சானுக்கு வந்த வழக்கு என்று ஊரைச் சுற்றுவார். கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். ஆனால் குழாய்க்கு வந்து சேராமல் இருந்ததில்லை. அண்ணி பிளம்பரிலேயே வெட்டிவிடுவாள். உடனே போன் போட்டு ஆளை வரவழைத்துவிடுவாள். அந்த ஆள் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார். ஒழுகுவது குளியலறையில். அண்ணன் அங்கே வாளியை எடுத்து வைத்துக்கொள்வார்.

அவருக்குக் குரல் கம்மியபோதும் இதே கதைதான் நடந்தது. முதலில் போன டாக்டர், எத்தனை நாளாக இப்படி என்று அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார். "சளி டாக்டர். கடையில கண்ணாடித் தூள் வேற. இப்பதான் ஒரு வாரமா" என்றாள் அண்ணி. அண்ணன் கையைத் தூக்கினாராம். விழுங்கும்போது வலிக்கிறது, வலி காதுவரைக்கும் போகிறது, மழைக்காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது என்று சொல்ல வந்திருக்கிறார். "அந்தத் தூள் காதுலயும் போகுதாம்" என்று அதையும் அவளே சொல்லிவிட்டாள். டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார். அண்ணன் சிரப்பைக் குடித்தார். அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார்கள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

அந்த வாரம் அவள் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தாள். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இன்னும் இரண்டு டாக்டர்களைப் பார்த்தாள். கதிர்வீச்சில் குணமான ஒருவரை எங்கிருந்தோ கண்டுபிடித்து வீட்டுக்கே கூட்டிவந்தாள், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் சாயங்காலம் முழுக்கப் பேசினார். "பாருங்க, எப்படிக் கணீர்னு பேசறார்" என்று அண்ணனிடம் காட்டினாள். டிரைவருக்கு டீ கொடுத்து வழியனுப்பும்போது அண்ணன், "நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று காற்றாக ஆரம்பித்தார். "கவலையே வேண்டாம், உங்க குரலை நான் விடமாட்டேன்" என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்படி எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. சாப்பிடும்போது ஆரம்பிப்பார். துணி மடிக்கும்போது ஆரம்பிப்பார். வியாழக்கிழமை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஆரம்பித்தார், உள்ளே இருக்கிறவளுக்கு ஓட வழியிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ. அவள் உள்ளேயிருந்தே பதில் சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

அன்றைக்கு நான் சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணி, அவர் ஏதோ சொல்ல வர்றார். ஒரு தடவை உக்காந்து கேளுங்க."

"அவர் என்ன சொல்லுவார்னு எனக்குத் தெரியாதா? குரல் போயிடும்னு பயப்படறார். அந்தப் பயத்தை அவர் வாயால வேற நான் கேக்கணுமா?"

அவளால் கேட்க முடியாமல் இருப்பது அவசரத்தால் மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்காக அண்ணன் செவிடன் காதில் சங்கு ஊதிக்கொண்டே இருக்க முடியுமா? விடிந்தால் வெள்ளிக்கிழமை.

மறுநாள் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் குரல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எந்தச் சிகிச்சையானாலும் அதற்கு முன் குரலைப் பதிவு செய்து வைப்பது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி அண்ணன் முன்னால் மைக்கை நகர்த்தி வைத்தாள். சற்று நேரம் விடாமல் பேச வேண்டும், எதை வேண்டுமானாலும் பேசலாம், வேறு யார் குரலும் கலக்கக்கூடாது என்றாள். அண்ணியும் நானும் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

அண்ணன் கடையிலிருந்து ஆரம்பித்தார். "நேத்து ஒரு பெரிய கண்ணாடி வந்தது... ஓரத்துல..." "விரிசல்" என்றாள் அண்ணி. அந்தப் பெண் பதிவை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து என்றாள். இரண்டாவது தடவை அண்ணி வார்த்தை எதுவும் சொல்லவில்லை, அவர் இருமியதும் "தண்ணி குடிங்க" என்றாள். அந்தப் பெண் எழுந்துவந்து, கதவைக் காட்டினாள். வெளியே போகிறீர்களா, அல்லது பேசாமல் இருக்கிறீர்களா என்று அர்த்தம். அண்ணி கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். என் கையை வேறு பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு பிடியை நான் பிரசவ வார்டில்கூடப் பார்த்ததில்லை.

அண்ணன் மூன்றாவது தடவையாக ஆரம்பித்தார். குரல் கரகரத்தது, நடுவில் காற்றாகப் போய் மறுபடி வந்தது. ஓரத்தில் விரிசல் விட்ட கண்ணாடி, அதைக் கொண்டுவந்த ஆள், அவர் வீட்டு அலமாரி என்று சுற்றினார். வெட்டினால் அளவு குறைந்துவிடும், அப்படியே வைத்துக் கொடுங்கள் என்று அந்த ஆள் கெஞ்சினாராம். விரிசல் நிற்காது, ஓடும், அதைத் தாண்டி ஒரு விரல் தள்ளி வெட்டினால்தான் மிச்சம் பிழைக்கும் என்று இவர் சொன்னாராம். அண்ணியின் பாதம் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் என் காலை அதன்மேல் வைத்து அழுத்தினேன்.

பிறகு அவர் மைக்கைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"எனக்கு ஆபரேஷன்தான் வேணும். முதல் நாளே சொல்ல வந்தேன். நீ என் குரலைக் காப்பாத்தணும்னு வெயில்ல அலையற. எனக்கு உயிர் வேணும்மா. உன்கூட இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும். இந்தக் குரலை வச்சுக்கிட்டு நம்ம வீட்ல நான் என்னத்தைச் சொல்லி முடிச்சேன்? இது போறதுல எனக்கு அவ்வளவா நஷ்டம் இல்ல."

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அளவு சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. அந்தப் பெண் பதிவை நிறுத்த மறந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அண்ணி என் கையை விட்டுவிட்டாள்.

வெளியே வராந்தாவில் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது சத்தம் போட்டிருக்கக்கூடாதா, கோபப்பட்டிருக்கக்கூடாதா என்று அவரையே பிடித்துக்கொண்டாள். அண்ணன் யோசித்தார். யோசிக்க அவருக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் நின்றேவிட்டாள்.

"கோபப்படறதுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் வேணும்ல" என்றார்.

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மறுபடி அழுதாள். டாக்டர் அறையில் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணனே சொன்னார். திங்கட்கிழமை அறுவை என்று முடிவானது.

சனியும் ஞாயிறும் அவர் பேசினார். அவள் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சுலபமாக இருக்கவில்லை. முந்தானையை முறுக்குவாள், எழுந்து பாதி தூரம் போய்த் திரும்பி வருவாள், வாய்வரைக்கும் வந்ததை விழுங்குவாள். இரண்டு தடவை முந்திக்கொண்டாள், இரண்டு தடவையும் தப்பு. அவர் கடை முதலாளியைப் பற்றிச் சொன்னார், அப்பாவோடு போட்ட சண்டையைச் சொன்னார், பெண் பார்க்க வந்த அன்று அவளிடம் என்ன கேட்க நினைத்துக் கேட்காமல் போனார் என்று சொன்னார். அது எனக்கே தெரியாது. மாடிக்குப் போகப் படியேறியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு பொழுது சாய்கிற நேரத்தில் குரல் நூலாகத் தேய்ந்திருந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றார்.

அண்ணி நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இல்ல, இன்னும் ஏதாவது இருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் பேச மாட்டேன்."

அவர் யோசித்தார். அவள் காத்திருந்தாள். கூடம் இருட்டிக்கொண்டு வந்தது, விளக்கைப் போட யாரும் எழுந்திருக்கவில்லை.

"நிஜமாவே அவ்வளவுதாம்மா" என்றார் அண்ணன்.